நான்கு வருடத் தொடர் பணிக்கு நன்றி

ஜனவரி 12
வடக்குச் சிறை

அன்புத் தங்கச்சி யுடெல்காவுக்கு,

அண்ணனும் ஞானத்தகப்பனுமான வில்கின் எழுதுவது. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். நீ கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். நான் நலம். குளிர் மட்டும் பல்லைக் கழற்றுகிறது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பா சர்க்கரையைக் குறைத்தாரா, இல்லை காபியில் இன்னும் நாலு கரண்டிதானா?

போனில் சொல்லலாம்தான். பத்து நிமிடத்தில் துண்டித்துவிடுவார்கள், பேசுவதெல்லாம் பதிவாகும். உள்ளே வருகிற கடிதத்தையும் பிரித்துப் படித்து நகல்தான் தருகிறார்கள், அதற்கே பத்துப் பன்னிரண்டு நாள். ஆனாலும் கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அது எனக்குப் பெரிய வசதி.

அக்டோபர் ஏழாம் தேதி, தண்டனை முடியும் முன் விடுவிப்பதா என்று முடிவெடுக்கும் பரோல் குழு முன்னால் எனக்கு முதல் விசாரணை. என் கோப்பைப் பார்க்கும் மிஸ் ஹாலரன் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ அடிச்ச அந்த ஒரே அடிய பத்தி கேப்பாங்க வில்கின். அந்த ஆளு நடைபாதையில தலைமோதி செத்ததை பத்தி கேப்பாங்க. அதுக்கு உன்கிட்ட பதில் இருக்கு. வெளிய போய் என்ன வேலை பாப்பனு கேப்பாங்க பாரு, அதுக்குப் பதில் போதாது. பேப்பர் வேணும்."

அப்பா தன் பார்சல் கம்பெனித் தாளில் எனக்கு வேலை உண்டு என்று ஒரு கடிதம் தந்தால் போதும். வண்டி ஓட்டக்கூட வேண்டாம். கழுவுகிறேன். இந்த முறை மறுத்தால் அடுத்த விசாரணைக்கு இரண்டு வருடம். இன்னும் இரண்டு வருடம் என்னால் முடியுமா என்று தெரியவில்லை யுடி. இதை அம்மாவிடம் படித்துக் காட்டாதே.

உன் அண்ணன்,
வில்கின்

*

பிப்ரவரி 2
பிராங்க்ஸ்

அண்ணா,

ஆசீர்வாதம் வந்து சேர்ந்தது. அம்மாவின் முழங்கால் மழையை இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. அப்பா மூன்று கரண்டிதான் என்கிறார். கரண்டி பெரிதாகிவிட்டது.

நீ போனபோது பதினோரு வண்டி. இப்போது இருபத்தாறு வண்டி, நாற்பது ஓட்டுநர்கள். ஆனால் தலைக்கு மேல் ஒரு சட்டம் வருகிறது. கிடங்கு வைத்திருக்கிற பெரிய கம்பெனியே பார்சல் போடுகிறவர்களை நேரடியாக வேலைக்கு வைக்க வேண்டுமாம். நடுவில் அப்பா மாதிரி ஒப்பந்தக்காரர் யாரும் இருக்கக் கூடாதாம். போன வாரம் நகரசபையில் அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். பெரிய கம்பெனி பஸ் அனுப்பி, 'சிறுதொழிலைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதிய நீலச் சட்டையும் அனுப்பியது. அப்பாவுக்குக் கிடைத்தது சின்ன அளவு. தொப்புள் தெரிய உட்கார்ந்திருந்தார்.

எதிர்ப்பக்கம் தொழிற்சங்கம், சிவப்புச் சட்டை. அங்கே நம் ஓட்டுநர்கள் ஒன்பது பேர். அப்பா நேராகப் போய்விட்டார்.

"ஏண்டா தெல்வின், உன் கல்யாணத்துக்கு ரெண்டு வண்டி குடுத்தேனே, மறந்துட்டியா?"

"மறக்கல டோன் எலாதியோ. உங்க மேல கோபமே இல்ல. பாட்டில்ல ஒண்ணுக்கு போறதுதான் புடிக்கல."

"பாட்டிலை நானாடா குடுத்தேன்? ஒரு நாளைக்கு நூத்தி எண்பது வீடுன்னு போட்டவன் குடுத்தான்!"

"அதைத்தானே நாங்களும் சொல்றோம். அவன்கிட்ட நேரா கேக்கணும். நடுவுல நீங்க நிக்கறீங்க, எங்களுக்கு அவன் மூஞ்சி தெரியல."

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம், "நீ எந்தப் பக்கம்?" என்றார். சிவப்பு என்றேன். மூன்று நாள் பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

உன் கடிதத்துக்கு அவசரப்படாதே, அப்பா தருவார். மாக்சிமோ உன்னை விசாரித்தான்.

யுடி

*

பிப்ரவரி 24

யுடிக்கு,

ஆசீர்வாதம். நலம். இருமல் இருக்கிறது, இங்கே எல்லோருக்கும் இருக்கிறது.

சிவப்புப் பக்கமா! கல்லூரியை ஆறே வாரத்தில் விட்டவளுக்கு வீட்டையும் விட வேண்டுமா? ஆனால் அந்த தெல்வின் சொன்னது சரி. நான் ஓட்டிய காலத்தில் எனக்கும் ஒரு பாட்டில் இருந்தது. அப்பாவிடம் சொன்னதில்லை. அவருக்கும் ஒன்று இருந்தது, அவர் என்னிடம் சொன்னதில்லை.

மாக்சிமோ என்பது யார்? எனக்கு அப்படி யாரையும் தெரியாதே. என்னைப் பார்க்காதவன் ஏன் என்னை விசாரிக்கிறான்?

உன் மேசை இழுப்பறையில் என் பழைய கம்பெனி அட்டை கிடக்கும். தாடியும் தொப்பியுமாக ஒரு படம். தூக்கிப் போட்டுவிடாதே. எனக்கும் ஒரு இடம் இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் மிச்சம்.

கடிதம் எழுதிவிட்டாரா?

வில்கின்

*

ஏப்ரல் 3

அண்ணா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லோரும் நலம். தவக்காலத்துக்கு அம்மா இனிப்பு பீன்ஸ் கிண்டினாள், உன் பங்கை அப்பா தின்றார்.

சட்டம் நிறைவேறிவிட்டது. செப்டம்பர் ஒன்று முதல் ஒப்பந்தக்காரர்கள் கிடையாது. காலை ஏழு மணிக்குக் கம்பெனியின் மின்னஞ்சல் வந்தது. 'அன்புள்ள பங்காளிக்கு' என்று தொடங்கி, நாலாவது வரியில் ஒப்பந்தம் முடிகிறது.

வண்டிகள் நிற்கும் யார்டில் அப்பா எல்லோரையும் கூட்டினார். பெட்டி பெட்டியாக இறைச்சிப் போளி வாங்கி வைத்திருந்தார். யாரும் தொடவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"சங்கத்துக்காரன் என்னை முதலாளிங்கறான். கம்பெனிக்காரன் பங்காளிங்கறான். வண்டி நடுரோட்டுல நின்னா மட்டும்தான் எல்லாருக்கும் நான் எலாதியோ. சரி, போகட்டும். செப்டம்பர்ல உங்க எல்லாரையும் அவங்களே எடுத்துக்குவாங்க. இன்சூரன்சு உண்டு, லீவு உண்டு. சாப்பிடுங்கடா, இது சாவு வீடு இல்ல."

தெல்வின்தான் முதல் போளியை எடுத்தான். அழுதுகொண்டே தின்றான், முட்டாள்.

சம்பளப் பதிவில் இருக்கிற எல்லோருடைய பட்டியலையும் கம்பெனி கேட்டிருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தால் வேலை நிச்சயம். நான்தான் தயாரிக்கிறேன். அந்த வேலை கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது.

உன் இருமலுக்கு மருந்து கேட்டு வாங்கு. சும்மா வீரம் காட்டாதே.

யுடி

*

ஏப்ரல் 20

யுடிக்கு,

கடவுள் துணை. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் கேட்ட எதற்கும் அதில் பதில் இல்லை.

மிஸ் ஹாலரனிடம் சொன்னேன். "அக்டோபர்ல இல்லாத கம்பெனியோட கடிதத்தை இப்ப குடுத்தா, குழு அதுல மூக்கு சிந்தும்" என்றார். நல்ல பெண்மணி, ஆனால் வாய் உன் வாய்.

எனக்கு ஒரு யோசனை. நானும் அங்கே வேலை பார்த்தவன்தானே? அந்தப் பட்டியலில் என் பெயரையும் சேர்க்க முடியுமா? கடைசியில், நாற்பத்தோராவது ஆளாக. குற்றவாளியை எடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னால் சொல்லட்டும். கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? அப்பா இருபது வருடம் அவர்களுக்கு உழைத்திருக்கிறார். ஒரு பெயர்தானே.

அப்பாவிடம் என் பெயரைச் சொல்லிக் கேள். கோபப்பட மாட்டார்.

வில்கின்

*

ஜூன் 9

அண்ணா,

ஆசீர்வாதம். நலம், நலம், எல்லோரும் நலம். இதோ விஷயம்.

உனக்கு வேலைக் கடிதம் வந்துவிட்டது! பெரிய கம்பெனியே அனுப்பியது. வீட்டு முகவரிக்கு, உன் பெயருக்கு, தடித்த தாளில். நேரடி ஊழியர், முழுநேரம், இன்சூரன்சு. முதல் பக்கத்தைப் படித்ததும் கத்திவிட்டேன். அம்மா அடுப்பை அணைக்காமலே ஓடிவந்தாள். உனக்கு அனுப்பினால் நகல் எடுத்து, நசுக்கி, இரண்டு வாரம் கழித்துத் தருவார்கள். அதனால் அன்றைக்கே உன் மிஸ் ஹாலரனுக்கு அசலையே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

எப்படி வந்தது என்று கேட்காதே. வந்தது. அவ்வளவுதான். எனக்கு ஒரு நல்ல விஷயம் செய்ய வந்தால் அதை வேகமாகத்தான் செய்ய வரும்.

அப்பா மட்டும், "அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். வயதானால் எல்லாவற்றுக்கும் பயம்.

அக்டோபரில் உனக்குப் போட சட்டை என்ன அளவு? எழுது.

யுடி

*

ஜூலை 15

யுடெல்காவுக்கு,

இன்றைக்கு ஆசீர்வாதத்தைக் கடைசியில் தருகிறேன். முதலில் கேள்வி.

மிஸ் ஹாலரன் கூப்பிட்டனுப்பினார். மேசையில் உன் தடித்த தாள். பக்கத்தில் கண்காணிப்புப் பிரிவிலிருந்து ஒரு ஆள். அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். 'எங்கள் ஒப்பந்தக்காரரிடம் நான்கு வருடம் ஐந்து மாதம் இடைவிடாது பணியாற்றியதற்கு நன்றி. அந்தப் பணிக்காலம் உங்கள் விடுப்புக் கணக்கில் சேர்க்கப்படும்.'

"நாலு வருஷமா நீ எங்க இருக்க?" என்றார் அந்த ஆள்.

"இங்கதான் சார்."

"அப்போ அங்க பார்சல் போட்டது யாரு?"

நான் சிரித்துவிட்டேன். தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மாநில சம்பளப் பதிவையும் கம்பெனி வருகைப் பதிவையும் எடுத்து வைத்தார். வாரம் தவறாமல் என் பெயர், என் எண்.

"போன டிசம்பர்ல நீ வாரம் ஆறு நாளும் வேலைக்கு போயிருக்க. கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் உனக்குக் காய்ச்சலாம், அப்பவும் போயிருக்க."

மிஸ் ஹாலரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

யார் யுடி?

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

வில்கின்

*

ஜூலை 27

அண்ணா,

எல்லோரும் நலம்.

எழுத மாட்டேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

யுடி

*

ஆகஸ்ட் 19

அன்பு யுடிக்கு,

ஆசீர்வாதம். எட்டு மணிநேரப் பயணம் வந்து, ஒரு மணிநேரம் உட்கார்ந்து, பாதி நேரம் மூக்கைச் சிந்திவிட்டுப் போனாய். நான் நலம். நீ சாப்பிடுவதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

இங்கிருந்து வெளியே போகும் கடிதத்தைப் பிரிப்பதில்லை. அதனால் நான் எழுதலாம். நீ எழுதாதே. நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன்.

என்னைப் பிடித்துக்கொண்டு போன அதே டிசம்பர். அப்பா என் வக்கீல் வாசலில் நிற்கிறார். யார்டில் நீ தனியாக, பதினெட்டு வயதில். ஏழு ஓட்டுநர்கள் வரவில்லை. ஒரு பாதைக்குப் பார்சல் போகாமல் விட்டாலும் கம்பெனி வண்டிகளைக் குறைக்கும். வாசல் கேட்டில் மாக்சிமோ. நம் சொந்த ஊரான பானியிலிருந்து வந்தவன், இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இல்லாதவன். "ஒரே ஒரு வாரம் குடு மகளே, வண்டி நல்லா ஓட்டுவேன்" என்றான். நீ இழுப்பறையைத் திறந்து என் அட்டையையும் கம்பெனிப் போனையும் கொடுத்தாய். அவனுக்கும் தாடி, தொப்பி.

ஒரு வாரம் நான்கு வருடமாகிவிட்டது. சம்பளம் என் கணக்குக்கு வரும், நீ எடுத்து அவனிடம் கொடுப்பாய். அப்பாவுக்கு மூன்றாவது மாதம் தெரிந்தது. திட்டினார். ஆனால் அப்போதும் ஆள் குறைவு.

"ரெண்டு தடவை நீ மாசத்தோட சிறந்த ஓட்டுநர் ஆனே அண்ணா" என்று அழுதுகொண்டே சொன்னாய். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். உன் மேல் கோபம் வரும் என்றுதான் காத்திருந்தேன். படுக்கைக்குத் திரும்பிய பிறகும் வரவில்லை. நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் பெயர் மட்டும் வெளியே நடந்து, படியேறி, மணியடித்து, நாய்க்கடி வாங்கியிருக்கிறது.

ஒன்று கேள். யாராவது விசாரிக்க வந்தால் வாயைத் திறக்காதே. அப்பாவும்தான். குழுவிடம் என்ன பேசுவது என்பது என் பாடு.

மாக்சிமோவுக்குப் பிள்ளைகள் எத்தனை?

வில்கின்

*

செப்டம்பர் 26

அண்ணா,

ஆசீர்வாதம். அம்மா நலம். அப்பா நலமில்லை, ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

யார்டு முடிந்தது. குத்தகை வண்டிகளை இழுத்துப் போக ஆகஸ்ட் கடைசியில் ஆட்கள் வந்தார்கள். அப்பா ஒவ்வொரு வண்டியிலும் ஏறி, இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தேடி, குப்பையை எடுத்துக் கொடுத்தார். "இன்னொருத்தன் ஓட்டப் போறான், அசிங்கமா இருக்கக் கூடாது" என்றார். இருபத்தாறு வண்டி. யாரையும் உதவிக்கு விடவில்லை.

ஆளெடுக்கக் கம்பெனி போட்ட கூடாரத்தில் ஒவ்வொரு ஓட்டுநரின் முகத்தையும் பேப்பரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முப்பத்தொன்பது பேருக்கு வேலை. தெல்வின் புது உடுப்பில் வந்து காட்டிவிட்டுப் போனான். ஒரு நாளைக்கு நூற்று முப்பது வீடுதானாம் இப்போது. சட்டம் நல்ல சட்டம் அண்ணா, இப்போதும் அதைத்தான் சொல்வேன். மாக்சிமோ கூடாரம் வரை வந்தான். வரிசையைப் பார்த்தான். "என்னைக் கூப்பிடற பேரு இதுல எதுமே இல்லையே மகளே" என்று சொல்லிவிட்டு நடந்து போனான். பிள்ளைகள் மூன்று.

நீ வாயைத் திறக்காதே என்றாய். மன்னித்துவிடு. இருபதாம் தேதியே பரோல் குழுவுக்கு எழுதிவிட்டேன். அட்டையைக் கொடுத்தது நான், சம்பளம் எடுத்தது நான், என் அண்ணனுக்கு ஜூலை வரை ஒரு சொல்கூடத் தெரியாது என்று. கையெழுத்து, முகவரி, எல்லாம். ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து தடவை படித்தேன். ஏழாம் தேதி உன்னிடம் கேட்டால், தெரியாது என்று மட்டும் சொல். அது உண்மை. உனக்குப் பொய் சொல்லும் வேலைகூட இல்லை.

சட்டை வாங்கிவிட்டேன். அளவு நீ சொல்லவில்லை, குத்துமதிப்பாக.

யுடி

*

அக்டோபர் 21

யுடிக்கு,

ஆசீர்வாதம். உன் செப்டம்பர் 26 கடிதம் என் கைக்கு வந்தது அக்டோபர் ஒன்பதாம் தேதி.

ஏழாம் தேதி மூன்று பேர் திரையில் தெரிந்தார்கள். செத்தவரைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். அவர் மகளுக்கு நான் எழுதி, அனுப்ப அனுமதி இல்லாமல் வைத்திருக்கும் மன்னிப்புக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நடுவில் இருந்த அம்மாள் தலையசைத்தார். நன்றாகத்தான் போனது.

பிறகு அந்தத் தடித்த தாளை எடுத்தார். நான் முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "நான்தாம்மா ஏற்பாடு பண்ணினேன். கைதான வாரமே போன்ல தங்கச்சிகிட்ட அட்டைய குடுக்கச் சொன்னேன். அது சின்னப் பொண்ணு, நான் சொன்னதை செஞ்சுது."

அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். "போன் எல்லாம் பதிவாகுது, தெரியும்ல? கண்காணிப்புப் பிரிவு அந்த மாசம் முழுக்க கேட்டுட்டாங்க. நீங்க அப்படி சொன்ன போன் எது?"

நான் மனதுக்குள் ஒரு தேதியைத் தேடினேன்.

"உங்க தங்கச்சி எங்களுக்கு எழுதியிருக்காங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாம். நாங்க அதை நம்பத் தயாரா வந்தோம்."

அதற்கும் பேசவில்லை. பேசினால் உன்னைக் காட்டிக்கொடுப்பதாகும் என்று அப்போதும் நினைத்தேன். நீயே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாய் என்பது மண்டையில் ஏறுவதற்குள் திரை அணைந்துவிட்டது.

தீர்ப்பு இரண்டு நாளில் வந்தது. 'குழுவின் முன் உண்மை பேசவில்லை. இருபத்துநான்கு மாதம் கழித்து மறுபரிசீலனை.' உன் கடிதமும் அன்றைக்கே வந்தது. மிஸ் ஹாலரன் நடைவழியில் என்னை நிறுத்தினார். "தெரியாதுன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை, வில்கின்" என்றார்.

உன் மேல் வருத்தமில்லை. என் மேல்தான், அதுவும் பகலில் மட்டும். அம்மாவிடம் நீயே சொல். என்னால் போனில் முடியாது.

அளவு நாற்பத்திரண்டு.

வில்கின்

*

நவம்பர் 16

அண்ணா,

ஆசீர்வாதம் கேட்டு எழுதுகிறேன். அம்மாவிடம் சொன்னேன். போய்ப் பாத்திரம் தேய்த்தாள், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி.

கடையை மூடிய ஒப்பந்தக்காரர்களுக்குக் கம்பெனி கொடுத்த ஈட்டுத்தொகை அப்பாவுக்கு மட்டும் இல்லை. மோசடியாம். அவரும் நேரடி வேலைக்கு மனு போட்டார், ஐம்பத்தொன்பது வயதில், தெல்வினுக்குக் கீழே. பதில் வரவில்லை. காலை நாலரைக்கு எழுந்து, ஷூ மாட்டி, சோபாவில் உட்கார்கிறார். ஏழு மணிக்குக் கழற்றுகிறார்.

மாக்சிமோவைப் பென்சில்வேனியாவில் ஒரு கோழிக் கிடங்கில் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான். வேறு பெயரில்.

என் கடிதத்தை வைத்தே என் மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். ஜனவரியில் விசாரணை. இலவச வக்கீல் ஒருத்தி, என்னைவிட வேகமாகப் பேசுகிறாள். "உள்ள போகாமலே முடியலாம், போனாலும் ஆறு மாசம்தான்" என்கிறாள். ஆறு மாசம் எனக்குப் பெரிதில்லை. உள்ளே போனாலும் உனக்கு எழுதலாமா என்று கேட்டேன், அதற்கு அவள் சொன்ன பதில்தான் பெரிது. ஒரு கைதி இன்னொரு கைதிக்கு எழுத வேண்டுமானால் இரண்டு இடத்து அதிகாரியும் அனுமதி கொடுக்க வேண்டுமாம். சொந்த அண்ணன் தங்கையாக இருந்தாலும். ஒரே வழக்கில் பெயர் அடிபட்டவர்களுக்கு அநேகமாகக் கொடுக்க மாட்டார்களாம்.

அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. உன் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மிஸ் ஹாலரனிடம் இன்றைக்கே கேள். உறவு என்று ஒரு கட்டம் இருக்குமாம். அதில் அண்ணன் என்று போடு. உண்மையை மட்டும் போடு.

யுடி